எல்லோருக்கும் ஒரே சொட்டு

என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் போய் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார்கள். "சொட்டு இருக்காரா?" என்று கேட்டுப் பாருங்கள், வாசல் காவலாளியே கையோடு கூட்டிக்கொண்டு போய் விடுவார். கல்யாணமான புதிதில் இது எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் தொலைபேசியில், "சொட்டு வீடுங்களா?" என்று கேட்டு வைக்க, நமக்கு வாய்த்தவர் மொடாக்குடியர் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மனிதர் மாலையில் வந்து விளக்கம் சொன்ன பிறகுதான் தட்டை எடுத்தேன்.

அவர் லிப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களில் லிப்டுகளைப் பழுது பார்ப்பதும், மாதம் ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் வேலை. ஓடுகிற இயந்திரம் அதிரும், அதிர்ந்தால் ஸ்க்ரூ கழலும், கழன்றால் ஆள் விழுவான். இதைத் தவிர அவருக்கு வேறு வேதாந்தம் கிடையாது. அதனால் எந்த ஸ்க்ரூவைக் கையில் எடுத்தாலும் அதன் மரையில் நீல நிறப் பசை ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் முடுக்குவார். காய்ந்து விட்டால் அந்த ஸ்க்ரூ தானாகக் கழலாது. மற்ற மெக்கானிக்குகள் முக்கியமான இடங்களில் மட்டும் அந்தப் பசையைப் போடுவார்கள். இவர் சுவிட்சுப் பலகை மூடியைக்கூட விட மாட்டார். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள், அலமாரிக் கைப்பிடி, நாற்காலிக் கால் எல்லாமே சொட்டு வாங்கியவைதான். ஒரு நாள் என் வாணலிப் பிடிக்கும் விட வந்தார். தொட்டால் கை முறியும் என்றேன், போய்விட்டார்.

இப்படிப்பட்டவருக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு பொழுதுபோக்கு வந்து சேர்ந்தது. ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர். பொம்மைக்கடைச் சரக்கு இல்லை, ஒரு முழத்துக்கு மேல் நீளம், பேட்டரியில் ஓடும், விசிறி சுற்றினால் பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். லிப்ட் மாட்டிய ஒரு கட்டடத்தில் குடியிருந்த பல் டாக்டர்தான் இவரை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்தில் இருபது பேர் கழுத்தை அண்ணாந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் பறக்க விடுவதில் சுமார்தான். உண்மையைச் சொன்னால் சுமாருக்கும் கொஞ்சம் கீழே. ஆனால் ஹெலிகாப்டர் விழுந்ததும் எல்லோரும் 'ஐயோ' என்பார்கள், இவர் மட்டும் ஓடிப்போய் எது உடைந்தது, எந்த இடத்தில் உடைந்தது என்று குனிந்து பார்ப்பார்.

அங்கேதான் அவருக்கு அந்தக் கூட்டத்தில் மதிப்பு ஏறியது. இந்த ஹெலிகாப்டரைப் பெட்டியில் வந்தபடியே யாரும் பறக்க விடுவதில்லை. அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடு, இந்தப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பித்தளை போடு என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். அப்கிரேட் என்று அதற்குப் பெயர். எல்லா அப்கிரேட் பாகத்தின் உறை மேலும் 'மிக உறுதியானது' என்றுதான் அச்சடித்திருக்கும். உறுதியில்லாதது என்று எவன் அச்சடிப்பான்? வாங்கிப் போட்டவன் இரண்டாம் நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான்.

என் வீட்டுக்காரர் சோதிக்க ஆரம்பித்தார். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கார் நிறுத்தும் சிமெண்டுத் தளம் இருக்கிறது. பகலில் காலியாகக் கிடக்கும். ஹெலிகாப்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, மோட்டாரை அணைத்து, தொப்பென்று விழ விடுவார். அது ஒரு இறக்கம். குனிந்து பார்ப்பார், நோட்டில் ஒரு கோடு போடுவார், மறுபடி தூக்குவார். இருநூறு இறக்கம் தாங்கினால் அந்தப் பாகம் தேறும். தாங்காவிட்டால் தேறாது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. உடைந்ததை எல்லாம் அறை அறையாகப் பிரித்த ஒரு பெட்டியில் தேதி எழுதிப் போட்டு வைப்பார். முடிவைக் காகிதத்தில் எழுதி ஹெலிகாப்டர் சாமான் விற்கும் கடையின் சுவரில் ஒட்டுவார். கடைக்காரர் சொந்த வாயால் பத்து நிமிடம் புகழ்ந்த சரக்கைக்கூட வாங்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். சுவரில் 'தேறாது' என்று இருந்தால் அந்தச் சரக்கு அலமாரியிலேயே தூசி படிந்து கிடக்கும்.

"யார் செஞ்சா என்ன? எல்லாருக்கும் ஒரே உயரம், ஒரே தரை, ஒரே சொட்டு," என்பார். சொட்டு என்றது பசையைத்தான். சோதிக்கும் ஒவ்வொரு பாகத்தையும் பசை விட்டுத்தான் மாட்டுவார். ஸ்க்ரூ கழன்று அதனால் பாகம் உடைந்தால் பழி பாகத்தின் மேல் விழும், அது அநியாயம் என்பது அவர் வாதம். நான்கூட, பரவாயில்லை, நியாயமான மனிதர் என்றுதான் நினைத்தேன்.

என் தம்பி பிளாஸ்டிக் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டே மெஷின். சுவிட்சுப் பெட்டி மூடி, நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டும் புஷ், தண்ணீர்க் குழாய் மூடி என்று யார் அச்சு கொடுத்தாலும் வார்த்துக் கொடுப்பான். எனக்கு நாலு வயது இளையவன். அத்தானோடு இரண்டு மூன்று முறை மைதானத்துக்குப் போனவன், ஹெலிகாப்டர் தரையில் ஊன்றி நிற்கும் கால்கள்தான் முதலில் உடைகின்றன என்பதைக் கவனித்துவிட்டான். கம்பெனிக் கால் உடைகிறது, அலுமினியக் கால் வளைகிறது. வளையவும் வேண்டும், வளைந்தது திரும்பவும் வேண்டும், அப்படி ஒரு கால் செய்தால் என்ன என்று யோசித்தான். ஆறு மாதம் வேறு நினைப்பே இல்லை. சொந்தமாக அச்சு வெட்டினான். அவனுக்கென்று வெட்டிய முதல் அச்சு அதுதான். அதுவரை ஊரார் அச்சில்தான் வார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கால்களைக் கொண்டு வந்தான். புகை படிந்த கண்ணாடி போல இருந்தது. கூடத்துத் தரையில் ஒன்றை வைத்து குதிகாலால் ஓங்கி மிதித்தான். படிந்து போய், காலை எடுத்ததும் நிமிர்ந்து நின்றது.

"உங்க கண்ணாடிக் கடையில லென்ஸுக்குப் போடறாங்களே, அதே சரக்குக்கா. சுத்தியால அடிச்சாலும் உடையாது," என்றான் என்னிடம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பிரேமில் லென்ஸ் பொருத்துவது என் வேலை.

"மிதிக்கறது சோதனை இல்ல மச்சான். கொடு, பார்க்கறேன்," என்றார் இவர்.

பார்த்தார். முதல் ஜோடி அறுபத்து மூன்றாவது இறக்கத்தில் உடைந்தது. இரண்டாவது ஜோடி நாற்பத்தொன்றில். மூன்றாவது ஜோடியை மாட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனார், வந்து பார்த்தால் மேசை மேலேயே விரிசல் விட்டிருந்தது. நோட்டை மூடினார்.

நான் கெஞ்சினேன். "ஏங்க, சுவத்துல ஒட்டாதீங்க. அவன்கிட்ட மட்டும் சொல்லுங்க. சரி பண்ணிக் கொண்டு வருவான்."

"மத்தவங்க பொருளுக்கு ஒட்டினேன்ல? மச்சினன்னா ஒரு நியாயமா?"

ஒட்டினார். 'புகைநிறப் பிளாஸ்டிக் கால்: தேறாது. மேசையிலேயே விரிசல். அலுமினியக் கால்: தேறும்.' கடைக்காரர் அந்த வாரமே தம்பி விற்கக் கொடுத்திருந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது என் தம்பிக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வந்து கேட்டது வேறு.

"நான் ஐந்நூறு தடவை போட்டுப் பார்த்தேன் அத்தான். ஒண்ணுமே ஆகலை."

"உன் பொருளை நீ சோதிச்சா ஐந்நூறும் வரும், ஆயிரமும் வரும்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்ப நான் பொய் எழுதினேனா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எவ்வளவு சரியான பேச்சு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் யார் பக்கமும் பேசவில்லை. தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. என்னோடு சண்டை இல்லை. கடை நேரத்தில் தொலைபேசியில் பேசுவான், நான் பட்டறைக்குப் போனால் உட்கார வைத்துப் பேசுவான். வீட்டுக்கு வா என்றால் மட்டும், "பார்க்கலாம்கா" என்பான். எங்கள் அப்பா அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அவன் ஒருவன்தான். அவன் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார வேண்டும், வேறொன்றும் வேண்டியதில்லை என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னால், "நானா வராதேன்னேன்?" என்று பேச்சை முடித்துவிடுவார். அவர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

இதற்கிடையில் பல் டாக்டர் ஒரு நாள் வந்து புலம்பினார். அலுமினியக் காலை மாட்டியதிலிருந்து கால் உடையவே இல்லையாம், விழும்போதெல்லாம் உடம்புச் சட்டம்தான் விரிகிறதாம். "கால் தப்பிச்சுது, இடுப்பு போச்சு சார்," என்றார். இவர் யோசனையோடு தலையை ஆட்டினார். அப்போதும் சுவரில் இருந்த காகிதத்தைத் திருத்தத் தோன்றவில்லை. கால் தேறியதா இல்லையா என்பதுதானே கேள்வி.

இனி என் பங்குக்கு வருகிறேன். எங்கள் கடையில் பிரேமே இல்லாத மூக்குக்கண்ணாடி இப்போது நிறையப் போகிறது. லென்ஸிலேயே துளை போட்டு, ஸ்க்ரூ வைத்துக் காதுக் கம்பியைப் பிடிப்போம். அந்த ஸ்க்ரூ கழன்றுவிடுகிறது என்று ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து நின்றார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை என் கைப்பையில் ஒரு நீலச் சொட்டுப் பாட்டில் இருந்தது. மனிதர் வைத்திருக்கிறார். நானும் போட்டேன். ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. அடடா, பரவாயில்லையே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்தார்கள் பாருங்கள், நாலு பேர். நாலு கண்ணாடியிலும் ஸ்க்ரூ அசையவில்லை, கெட்டியாக இருந்தது. லென்ஸ்தான் வெடித்திருந்தது. துளையைச் சுற்றி நட்சத்திரம் போலச் சின்னச் சின்ன விரிசல். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்கிறார், பாதி கையோடு வந்துவிட்டது. என் முதலாளியம்மா லென்ஸ் கம்பெனிக்குத் தொலைபேசி போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி.

"ஸ்க்ரூவுல ஏதாவது பசை போட்டீங்களா?"

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

அந்த நீலப் பசை உலோகத்தை ஒன்றும் செய்யாதாம். ஆனால் இந்த வகை லென்ஸில் பட்டால் உள்ளே ஊறி, கொஞ்சம் இறுக்கம் இருக்கிற இடமாகப் பார்த்து விரிசல் விட வைக்குமாம். சில சமயம் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில். முதலாளியம்மா திட்டினார். நன்றாகவே திட்டினார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. 'உங்க கண்ணாடிக் கடையில லென்ஸுக்குப் போடறாங்களே, அதே சரக்குக்கா' என்று தம்பி சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கடையின் பூதக்கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவருடைய பெட்டியைத் திறந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி போட்ட அறையிலிருந்து தம்பியின் கால்களை எடுத்தேன். வளைகிற இடத்தில் ஒரு கீறல் இல்லை. ஆறு காலும் ஸ்க்ரூ துளையில்தான் உடைந்திருந்தன. துளையைச் சுற்றி அதே நட்சத்திரம். துளை ஓரத்தில் நீலப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் வேலை முடிந்து வந்தார். சட்டையைக்கூட மாற்ற விடவில்லை. ஒரு கையில் வெடித்த லென்ஸ், ஒரு கையில் தம்பியின் கால்.

"ரெண்டையும் பாருங்க."

பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்து ஐந்து நிமிடம் பார்த்தார். முகம் மாறியது, ஆனால் வாய் மாறவில்லை.

"ரெண்டு விரிசல் ஒரே மாதிரி இருக்குங்கறது ஆதாரம் ஆகாது."

"மேசை மேல சும்மா இருந்தது எப்படிங்க உடையும்? அன்னைக்கே யோசிச்சிருக்க வேண்டாமா? பூனை வந்து மிதிச்சுதா?"

"இரு. சோதிப்போம்."

கோபத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடே தீப்பற்றினாலும் இந்த மனிதர் முதலில் எத்தனை டிகிரி என்றுதான் பார்ப்பார். ஆனால் அன்று அவரைத் திட்டவில்லை. திட்டினால் முறுக்கிக்கொள்வார், முறுக்கிக்கொண்டால் என் தம்பி வர மாட்டான்.

தம்பி அன்று விட்டுவிட்டுப் போன பொட்டலத்தில் இரண்டு ஜோடி மிச்சம் இருந்தது. ஒரு ஜோடியைச் சொட்டு விட்டு முடுக்கி மேசை மேல் வைத்தார். இன்னொரு ஜோடியைச் சொட்டு இல்லாமல், அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, வெறும் ஸ்க்ரூவாக ஹெலிகாப்டரில் முடுக்கினார். கை தானாகப் பாட்டில் பக்கம் போனதை நான் பார்த்தேன். பாட்டிலை எடுத்து என் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு இறக்கங்களை ஆரம்பித்தார். பத்து இறக்கத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூவைச் சரிபார்த்து இறுக்கிக்கொண்டார், அவ்வளவுதான். முதல் நாள் நூற்றைம்பது. இரண்டாம் நாள் இருநூறைத் தாண்டியது. நான் கடையிலிருந்து வந்து கேட்டால், "இன்னும் நிக்குது," என்பார். அந்தக் குரலில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்து மேசையைப் பார்த்தார். சொட்டு வாங்கிய காலில், ஒரு இறக்கம்கூட இறங்காத காலில், துளையிலிருந்து ஓரம் வரை விரிசல் ஓடியிருந்தது. வெறும் ஸ்க்ரூ போட்ட கால் அன்று மாலை நானூற்றுப் பன்னிரண்டாவது இறக்கத்திலும் நின்றது. அதற்கு மேல் சோதிக்க முடியவில்லை. ஹெலிகாப்டரின் வால் உடைந்துவிட்டது.

நோட்டில் எழுதி முடித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். இந்தச் சோதனையில் அவர் தோற்க வேண்டும் என்று மூன்று நாள் வேண்டிக்கொண்டவள் நான்தான். தோற்று உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

"கிளம்புங்க, அவன் பட்டறைக்குப் போவோம்," என்றேன்.

"முதல்ல கடைக்கு."

"கடை எங்கயும் ஓடிடாது. முதல்ல அவன்கிட்ட சொல்லுங்க."

"அவன்கிட்ட மட்டும் சொன்னா அது வீட்டு விஷயமா போயிடும். நான் அவன் பேரைக் கெடுத்தது நாலு பேர் பார்க்கற சுவத்துல. முதல்ல சுவத்துல சொல்றேன். அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்கறேன்."

இந்த ஒரு பேச்சுக்காக அவருடைய மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம் போலிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் பல் டாக்டரும் இன்னும் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். இவர் பழைய காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். 'புகைநிறப் பிளாஸ்டிக் கால்: நானூற்றுப் பன்னிரண்டு, இன்னும் உடையவில்லை. முன்பு உடைந்ததற்குக் காரணம் நான் போட்ட பசை. பொருளில் குறை இல்லை. சோதித்தவன் தவறு.' கீழே கையெழுத்து. எல்லோரும் கிட்டே வந்து படித்தார்கள். பல் டாக்டர்தான் வாயைத் திறந்தார்.

"சார், அப்ப இது வரைக்கும் நீங்க தேறாதுன்னு எழுதின மத்த பிளாஸ்டிக் எல்லாம்?"

"பதினொண்ணு இருக்கு," என்றார் இவர். "பசை சேராத பிளாஸ்டிக் எதுன்னு பார்த்து எல்லாத்தையும் மறுபடி பண்றேன்."

"தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. நீங்க திரும்பிப் பார்த்துட்டீங்களே சார்," என்றார் கடைக்காரர். கிண்டலா, பாராட்டா என்று எனக்குப் புரியவில்லை. இவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனோம். தம்பி மெஷினிலிருந்து சுவிட்சுப் பெட்டி மூடிகளை எடுத்து ஓரம் சீவிக்கொண்டிருந்தான். வாசலில் எங்கள் இருவரையும் பார்த்து எழுந்தான். அவனுடைய வேலை மேசையின் ஒரு கால் குட்டை, அதற்கு ஒரு இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்திருந்தான். உற்றுப் பார்த்தேன். அவன் ஆறு மாதம் வெட்டிய அந்த அச்சுதான்.

இவர் இரண்டு கால்களை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"தப்பு என்னுது மச்சான். இது பசை போட்டது, சும்மா வச்சே விரிஞ்சுடுச்சு. இது பசை இல்லாதது, நானூத்திப் பன்னிரண்டு. உன் பொருள் நல்ல பொருள். சுவத்துல எழுதி ஒட்டிட்டுத்தான் வரேன்."

தம்பி கால்களைக் கையில் எடுக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"பசைதான்னு தெரியும் அத்தான்."

"தெரியுமா? எப்போ?"

"போன வருஷமே. உருக்கி வார்க்கற பிளாஸ்டிக் மணியை சப்ளை பண்றவர் சொன்னார்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தியா? ஒரு வருஷமா? உனக்குத்தான் வீம்புன்னா, என்னைப் பத்தி நினைச்சுப் பார்த்தியா நீ?"

"சொல்ல வந்தேன்கா," என்றான். "ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வாசல் வரைக்கும் வந்தேன். கதவு திறந்துதான் இருந்துது. உள்ள அத்தானோட வேலை பார்க்கறவங்க ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அத்தான் அவங்ககிட்ட சொல்லிட்டிருந்தார். 'சொந்த மச்சினன் பொருளையே தேறாதுன்னு எழுதி ஒட்டினவன் நான். என்கிட்ட உறவும் செல்லாது, ஒண்ணும் செல்லாது'ன்னு. அவங்க சிரிச்சாங்க."

கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தான்.

"நீயும் சிரிச்சக்கா."

அந்தக் கதையை இவர் எத்தனை பேரிடம் சொன்னார் என்பதை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், கட்டடச் சொந்தக்காரர்கள், பல் டாக்டரின் மனைவி, யார் வந்தாலும் அந்தக் கதை உண்டு. அவர் நேர்மைக்கு அதுதான் அத்தாட்சி. வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் தட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, விருந்தாளி முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சிரிப்பேன். அன்றும் சிரித்திருப்பேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"அந்த ஒரு கதையை வச்சுத்தான் அத்தானை எல்லாரும் நம்பறாங்க," என்றான் தம்பி. "அதைப் போட்டு உடைக்க மனசு வரலை. கேட்டுக்கிட்டே உள்ள வந்து உட்காரவும் மனசு வரலை. திரும்பிட்டேன்."

வாய்க்கு ஒரு நாளும் பஞ்சம் இல்லாதவள் நான். அன்று, "நான் சிரிச்சது தப்புடா," என்று மட்டும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

"அந்தக் கதையை மட்டும் இனிமே சொல்லாதீங்க அத்தான். போதும்."

இவர் மேசைக்கு அடியில் இருந்த அச்சைப் பார்த்தபடி நின்றார்.

"இல்ல மச்சான். சொல்லத்தான் போறேன். யார் யார்கிட்ட பாதி சொன்னேனோ அவங்க எல்லார்கிட்டயும் மீதியையும் சொல்லணும். நீயும் வந்து உட்காரு. நான் எதையாவது விட்டா எடுத்துக் கொடு."

தம்பி மெஷின் கதவைத் திறந்து அடுத்த மூடியை எடுத்தான். நாங்கள் வந்துவிட்டோம்.

மறுநாள் ஞாயிறு. அந்தக் கதையைப் பாதியாகக் கேட்டவர்களில், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரை இவர் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். நான் வாசலைப் பார்ப்பதும் அடுப்பைப் பார்ப்பதுமாக இருந்தேன். பதினோரு மணிக்கு என் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். வாசற்படியைத் தாண்டினான். நாற்காலியில் உட்கார்ந்தான். இவர் கதையை ஆரம்பித்தார். சொட்டு, இறக்கம், நட்சத்திர விரிசல், என் கடையில் நான் வாங்கிய திட்டு, ஒன்றையும் விடவில்லை. "ஆக, தேறாதது கால் இல்லப்பா, நான்தான்," என்று முடித்தார். வந்தவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் என் தம்பியைப் பார்த்தேன். அவன் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன்.